இலவசமாக வரும் ரிப்போர்ட் கருவி போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பதும், அது முரண்டு பிடித்தால் போய்ப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. கொஞ்ச காலமாக எங்கே போனாலும் ஒரே கேள்வி. "தம்பி, மைக்ரோசொஃப்ட்காரன் பவர் பிஐ சும்மா தர்றானாமே, அப்புறம் எதுக்கு இன்னொருத்தனுக்குக் காசு?" பவர் பிஐ என்பது கணக்குத் தரவை வரைபடமாகவும் ரிப்போர்ட்டாகவும் காட்டும் கருவி. கேட்பவர் சில நேரம் தேயிலைக் கொழுந்து வாங்கும் தொழிற்சாலையின் முதலாளி, சில நேரம் நுவரெலியா மரக்கறி மொத்த வியாபாரி, சில நேரம் பதுளையில் மூன்று பார்மசி வைத்திருப்பவர். மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் இருவருக்காவது தப்பாகப் போகும்.

ஆனாலும் எனக்குப் பிடிபட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டைச் செய்வது இன்று ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் இலவசம். செய்ததை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்னும்போதுதான் கணக்கு ஆரம்பிக்கிறது. அந்த இரண்டாவது ஆள் யார், எங்கே இருக்கிறார் என்பது தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

எதை வைத்து எடை போடுவது

வரைபடம் அழகாக வருகிறதா என்பதை விடுங்கள், எல்லாவற்றிலும் அழகாகத்தான் வரும். நான் கேட்பது வேறு.

ரிப்போர்ட்டை யார், எதில் பார்க்கப் போகிறார்? முதலாளி கண்டியில் இருந்து போனில் பார்ப்பதும், கிளார்க் ஒஃபிசில் அச்செடுத்துக் கோப்பில் போடுவதும் ஒன்றல்ல. தரவு எங்கே கிடக்கிறது? கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்திலா, எக்செல் கோப்பிலா, இன்னும் கொழுந்துக் கொப்பியிலா? கொப்பியில் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் ஒரு டேட்டா என்ட்ரி பிள்ளையை வேலைக்கு எடுங்கள்.

அடுத்தது லைன், அதாவது இணைய இணைப்பு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவோடு மின்சாரமும் போன் சிக்னலும் சேர்ந்து போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படியான நாட்களில் அமெரிக்காவில் இருக்கும் சேர்வரில் உங்கள் கணக்கு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? செலவை மாத டொலரில் பார்க்காமல் மூன்று வருட ரூபாயில் பார்க்க வேண்டும். கடைசியாக, இந்தக் கருவி வேண்டாம் என்று முடிவெடுத்தால் எதையெல்லாம் கூடவே எடுத்துக்கொண்டு வெளியேறலாம்?

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தலைவலி. பழைய மென்பொருள்களில் பெயர்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் "முத்தையா" என்று தெரிவது, போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எந்தக் கருவியைப் போட்டாலும் முதலில் பெயர்களை, எல்லாக் கணினியும் போனும் படிக்கும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்த விலைப்பட்டியலிலும் வராத செலவு இது. ஆயிரம் பேர் உள்ள செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) எழுத்துரு மாற்றும் மென்பொருளைப் போட்டாலும், கடைசியில் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்க்க ஒரு ஆள் உட்கார வேண்டும்.

இலவசம் வந்த கதை

இதைத் தெரிந்துகொள்ளாமல் தெரிவு செய்தால் ஐந்து வருடத்தில் மறுபடியும் இதே கேள்வியோடு நிற்போம்.

நான் பார்த்த பழைய கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் பில்லும் ரிப்போர்ட்டும் அடிப்பது கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்தான். அது இத்தனை இடத்தில் நுழைந்ததற்குக் காரணம், 1993 இலிருந்து, புரோகிராம் எழுதும் மென்பொருளான விஷுவல் பேசிக்கோடு சேர்ந்து வந்தது. புரோகிராம் எழுதுகிறவன் பெட்டியைத் திறந்தால் அது உள்ளேயே இருந்தது, அவன் வேறு தேடவில்லை. அதே வித்தையை மைக்ரோசொஃப்ட் பிறகு தானே கையில் எடுத்தது. 1998 இல் தன் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வர் 7 உடன், தரவைப் பல கோணத்தில் கூட்டிப் பார்க்கும் பகுப்பாய்வுச் சேர்வரைச் சேர்த்துக் கொடுத்தது. அதுவரை அந்த மாதிரி ஒன்றைத் தனியாகப் பெரிய விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 2004 ஜனவரியில் ரிப்போர்ட்டிங் சேர்விசஸ் வந்தது. தரவுத்தள உரிமம் இருந்தால் ரிப்போர்ட்டுக்குத் தனிக் காசு இல்லை.

ஏன் சும்மா கொடுக்கிறார்கள் என்பது நம் ஊரில் கொழுந்து கொடுக்கிறவருக்கு விளக்கத் தேவையில்லை. உரத்தையும் முற்பணத்தையும் எந்தத் தொழிற்சாலை கொடுக்கிறதோ, கொழுந்து அந்த லொறியில்தானே ஏறும்? உரத்தில் இலாபம் பார்க்க அவர்கள் உரம் கொடுப்பதில்லை. இங்கே உரம் ரிப்போர்ட் கருவி, கொழுந்து உங்கள் தரவு.

ரிப்போர்ட் மட்டுமே விற்றுப் பிழைத்த கம்பெனிகளின் நிலை அதற்குப் பிறகு இறுகியது. கிரிஸ்டலை 2003 இல் பிசினஸ் ஒப்ஜெக்ட்ஸ் வாங்கியது. 2007 ஒரே வருடத்தில் ஹைப்பீரியனை ஒராக்கிளும், பிசினஸ் ஒப்ஜெக்ட்ஸை எஸ்ஏபியும், கொக்னோஸை ஐபிஎம்மும் வாங்குவதாக அறிவித்தன. இதற்கெல்லாம் இலவசம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தரவுத்தளம் முதல் ரிப்போர்ட் வரை எல்லாம் தன் கடையிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பெரிய கம்பெனிகளுக்கும் இருந்தது. ஆனால் சாதாரணப் பட்டியல் ரிப்போர்ட்டுக்கு இனி யாரும் தனியாகக் காசு கொடுக்க மாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தப்பியவர்கள், சேர்ந்து வருவது செய்யாத வேலையைச் செய்தவர்கள். டாப்லோ (Tableau), கிளிக் (Qlik) என்ற கம்பெனிகள் பட்டியலை விட்டுவிட்டு, மௌஸால் இழுத்து, அமுக்கி, தரவைத் தோண்டிப் பார்க்கும் வேலையைப் பிடித்தார்கள். அங்கேயும் 2015 இல் பவர் பிஐ வந்து சேர்ந்தது. செய்யும் கருவி இலவசம், பகிர ஆளுக்கு மாதம் 9.99 டொலர். 2017 இல் கூகுளும் தன் ரிப்போர்ட் கருவியான டேட்டா ஸ்டுடியோவுக்கு இருந்த வரம்பை எடுத்து முழுதாக இலவசமாக்கியது. 2019 இல் டாப்லோவை 15.7 பில்லியன் டொலருக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்குவதாக அறிவித்தது.

வாங்குகிற நமக்கு இதில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. முன்பு வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் மட்டும் வைத்திருந்த கருவி இன்று ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடைக்கும் கிடைக்கிறது. அது நல்லது. (ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்த என் வயிற்றில் அடித்தது. அதையும் மறைக்கவில்லை.) கெட்டது என்னவென்றால், இலவசத்தின் ஆயுளை முடிவு செய்வது கொடுக்கிறவர். பத்து வருடம் அசையாமல் இருந்த 9.99 டொலர், 2025 ஏப்ரலில் 14 ஆனது. எஸ்கியூஎல் சேர்வர் 2025 உடன் ரிப்போர்ட்டிங் சேர்விசஸுக்குப் புதிய பதிப்பு வரவில்லை, அந்த இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சேர்வரை வைத்துவிட்டார்கள். பழைய 2022 பதிப்புக்கு 2033 ஜனவரி வரை ஆதரவு உண்டு, அதனால் இன்றே அவசரப்படத் தேவையில்லை. ஆனால் அதன் மேல் இன்று புதிதாக எதையும் கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பது: எக்செல்லும் எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸும்

முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். பலர் எக்செல்லைத் தாண்டிப் போகத் துடிக்கிறார்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்ததில்லை. 2016 பதிப்பிலிருந்து பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் தானே எடுத்து ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும்.

நான் போய்வரும் ஒரு கொழுந்துத் தொழிற்சாலையில் கிளார்க் தங்கச்சி ஒவ்வொரு நாளும் லொறிச் சிட்டைகளை ஒரு கோப்பில் அடித்து வைப்பார். வெளியில் கொழுந்து கொடுக்கிறவரிடம் நிறுத்த நிறை ஒரு பத்தியில், தொழிற்சாலைத் தராசில் வந்த நிறை அடுத்த பத்தியில். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் குறைவது வழக்கம். வழியில் தண்ணீர் வடியும், கொழுந்து வாடும். ஆறு மாதக் கோப்புகளைப் பவர் குவெரியில் போட்டு, பிவட் டேபிளில் லொறி வாரியாகப் பிரித்தோம். மழை மாதத்தில் எல்லா லொறியிலும் குறைவு கூடியது. மழை விட்டதும் எல்லாம் இறங்கியது, ஒன்றைத் தவிர. அந்த லொறியின் டிரைவரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். போய்ப் பார்த்தால், அந்த வழியில் கொழுவி நிறுக்கும் தராசு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை இல்லாத கொழுந்துக்கு மாதக்கணக்கில் காசு கொடுத்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஒரு சதமும் செலவாகவில்லை.

மறைவான செலவு எங்கே? எக்செல் இரண்டாவது ஆளிடம் கோப்பாகத்தான் போகும். "ஜூலை இறுதி", "ஜூலை இறுதி புதியது", "ஜூலை இறுதி சரியானது" என்று மூன்று பிரதிகள் வட்ஸ்அப்பில் சுற்றும். ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் போகாது. கடையில் போட்டுக் கொடுத்த திருட்டு எக்செல்லை இலவசம் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேறு கதை. எஸ்கியூஎல் சேர்வரின் சின்னப் பதிப்பான எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸும் இலவசம்தான், ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்டக் கூடாது. நேரம் வைத்துத் தானே வேலை செய்யும் ஏஜென்ட் அதில் இல்லை. காலை ஆறு மணிக்கு முதலாளியின் ஈமெயிலுக்கு ரிப்போர்ட் தானாகப் போக வேண்டுமென்றால் அதில் நடக்காது. இரவு பேக்கப்பையும் வேறு வழியில் ஓட்ட வேண்டும்.

ஒரே ஒஃபிஸ், செய்கிற ஆளும் பார்க்கிற ஆளும் ஒன்றிரண்டு பேர், வெளியே போவது பிடிஎஃப் மட்டும் என்றால் இதைவிட நல்லது கிடையாது.

பவர் பிஐ

கணினியில் போட்டு ரிப்போர்ட் செய்யும் பவர் பிஐ டெஸ்க்டொப் உண்மையிலேயே இலவசம், உண்மையிலேயே பலமானது. எக்செல்லில் பவர் குவெரி பழகியவருக்கு அதே பவர் குவெரி இங்கேயும் இருக்கிறது. விண்டோஸ் கணினி வேண்டும்.

சிக்கல் "பகிர்" என்ற பொத்தானில் தொடங்குகிறது. முதலில், ஜிமெயில் முகவரியோடு போனால் கதவு திறக்காது, வேலைக்கான முகவரி கேட்கும். நம் கடைகளில் பாதிப் பேருக்குக் கம்பெனி முகவரியும் ஜிமெயில்தான். டொமைன் வாங்க வேண்டும், அது ஒரு செலவு. பிறகு செய்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் தனித்தனியாக, காசு கட்டும் ப்ரோ உரிமம். செய்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் நால்வர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு மாதம் 70 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 21,000. மூன்று வருடத்துக்கு 7,56,000 ரூபாய், வங்கி எடுக்கும் தரகு சேராமல். இதே ஐந்து பேருக்கு 2022 தொடக்கத்தில், டொலர் 200 ரூபாயாக இருந்தபோது, மாதம் சுமார் 10,000 தான். விலை கூடியதும் ரூபாய் விழுந்ததும் சேர்ந்து இரட்டிப்பாக்கிவிட்டன. டொலரில் மாதாமாதம் கட்டும் எந்தக் கருவிக்கும் இந்த ஆபத்து உண்டு.

காசு கட்டாமல் பகிர ஒரு குறுக்கு வழி இருக்கிறது, "வெப்பில் வெளியிடு" என்று. நானே அதில் விழுந்திருக்கிறேன். கொழுந்து கொடுப்பவர்களின் முற்பணப் பட்டியலை முதலாளிக்குக் காட்ட அப்படி வெளியிட்டு இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டார். மாலைக்குள் யார் எவ்வளவு கடன் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இணைப்புக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, கையில் கிடைத்த யாரும் திறக்கலாம். உடனே எடுத்துவிட்டேன், ஆனால் ஸ்கிரீன்ஷொட்டை என்ன செய்ய முடியும்? தப்பு என்னுடையது. எழுதியிருந்த எச்சரிக்கையைப் படிக்காமல் அமுக்கினேன்.

இன்னொன்று: தரவு உங்கள் ஒஃபிஸ் கணினியில் இருந்தால், அதை மேலே அனுப்ப கேட்வே என்ற சின்ன மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காசாளர் வீட்டுக்குப் போகும்போது பிளக்கைக் கழற்றினால், காலையில் முதலாளி பார்ப்பது முந்தாநாள் கணக்கு.

முதலாளி வெளியூரில், பார்க்கிறவர்கள் ஐந்து பத்துப் பேர், ஒவ்வொரு கிளைக்காரரும் தன் கிளையை மட்டும் பார்க்க வேண்டும், மைக்ரோசொஃப்ட் 365 ஏற்கெனவே கம்பெனியில் இருக்கிறது என்றால் காசைக் கட்டி இதையே எடுங்கள். சும்மா கிடைக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

லுக்கர் ஸ்டுடியோ

டேட்டா ஸ்டுடியோவுக்கு 2022 இல் கூகுள் வைத்த பெயர். ஜிமெயில் போதும், பகிரக் காசில்லை. இரண்டாவது ஆளிடம்தான் கணக்கு ஆரம்பிக்கிறது என்ற என் வரி இங்கே பொய்யாகிறது போலத் தெரியும், ஆனால் விலை வேறு இடத்தில் இருக்கிறது: உங்கள் தரவு கூகுள் ஷீட்டில் போய் உட்கார வேண்டும், அல்லது உங்கள் தரவுத்தளம் இணையத்திலிருந்து தொடக்கூடியதாக இருக்க வேண்டும். ஒஃபிஸ் ரௌட்டரில் ஓட்டை போட்டுத் தரவுத்தளத்தை வெளியே திறந்து வைப்பதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. கணக்கு ஏற்கெனவே ஷீட்டில் இருக்கிறவருக்கு, மூன்று கடை விற்பனையைப் போனில் பார்க்க, இது நன்றாகப் போதும். லைன் போனால் அவ்வளவுதான்.

மெட்டாபேஸ், சூப்பர்செட் போன்ற திறந்த மூலம்

நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்கள் இவை, உரிமக் காசு இல்லை. பழைய கணினி ஒன்றை ஒஃபிசிலேயே சேர்வராக்கி, யூபிஎஸ் ஒன்றையும் கொடுத்தால், வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலும் ரிப்போர்ட் திறக்கும். வெளி லைன் அறுந்தாலும் உள்ளே ஓடும். டித்வாவுக்குப் பிறகு இதைக் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இதன் விலை ஆள். ஒரு தோட்டத்துப் பொடியன், கெட்டிக்காரன், ஓரிடத்தில் மெட்டாபேஸைப் போட்டு அழகாக ஓட்டிக்கொண்டிருந்தான். கட்டாருக்கு விசா கிடைத்ததும் போய்விட்டான், போக வேண்டியதுதானே. பாஸ்வேர்ட் அவன் தலைக்குள் இருந்தது. இரண்டு மாதம் யாரும் அந்த மெஷினைத் தொடவில்லை. இன்னொரு மறைவு: கிளைக்காரர் தன் கிளையின் வரிகளை மட்டும் பார்க்கும்படி பூட்டும் வசதி மெட்டாபேஸின் இலவசப் பதிப்பில் இல்லை, காசுப் பதிப்பில்தான். திறந்த மூலத்திலும் இரண்டாவது ஆளிடம்தான் கணக்கு தொடங்குகிறது, பாருங்கள்.

தனியாகக் காசு கொடுத்து வாங்குவது

டாப்லோவில் செய்கிறவர் ஒருவருக்கு மாதம் 75 டொலர், வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். நம் அளவுக் கடைகளுக்கு இதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 1992 இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் மாதிரி, பல மாவட்டங்களில் பல தோட்டங்கள், கொழும்பில் தனியாகப் பகுப்பாய்வுப் பிரிவு என்று இருந்தால், அவர்களுக்கு அந்தக் காசு திரும்பி வரலாம். சென்னைக்காரர்களின் சோஹோ அனலிட்டிக்ஸ் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் பொதியாக விற்கிறது. பார்க்கிறவர்கள் கூடக் கூட பவர் பிஐயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

விற்க வருகிறவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மரக்கறி வியாபாரிக்குப் பன்னிரண்டு பேருக்கான உரிமத்தைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தேன். முதலாளியும் மகனும். மகனும் மாதத்தில் ஒரு தரம்.

| | இலவசமாக வருவது | காசு கேட்கும் இடம் | லைன் போனால் | பொருந்துவது |
|---|---|---|---|---|
| எக்செல், எக்ஸ்பிரஸ் | செய்ய, அச்செடுக்க | பிரதிக் குழப்பம், 10 ஜிபி | ஓடும் | ஒரே ஒஃபிஸ் |
| பவர் பிஐ | செய்ய மட்டும் | ஆளுக்கு மாதம் 14 டொலர் | செய்யலாம், பகிர முடியாது | வெளியூர் முதலாளி, கிளைகள் |
| லுக்கர் ஸ்டுடியோ | செய்ய, பகிர | தரவு வெளியே போக வேண்டும் | நிற்கும் | ஷீட்டில் கணக்கு வைப்பவர் |
| மெட்டாபேஸ் | செய்ய, ஒஃபிசுக்குள் பகிர | பராமரிக்கும் ஆள் | உள்ளே ஓடும் | கையில் தொழில்நுட்ப ஆள் இருப்பவர் |
| டாப்லோ, சோஹோ | பெரும்பாலும் சோதனைக் காலம் | ஆரம்பத்திலேயே | பெரும்பாலும் நிற்கும் | பெரிய நிறுவனம் |

எதை எடுத்தாலும் வெளியேறும் வழியை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் சூத்திரங்களைக் கருவிக்குள் புதைக்காமல், முடிந்த அளவு தரவுத்தளத்திலேயே வியூவாக (சேமித்து வைத்த கேள்வியாக) எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்போது கருவி மாறினாலும் மேல்பூச்சுத்தான் மாறும். கிரிஸ்டலில் நூறு ரிப்போர்ட் எழுதிவிட்டு இன்று மாற முடியாமல் தவிக்கும் இடங்களுக்கு நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன், அங்கே சூத்திரமெல்லாம் ரிப்போர்ட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

அந்த மரக்கறி வியாபாரியிடம் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் ஒரு வேலை சொன்னேன். கல்லாவில் ஒரு கொப்பி வைத்து, ஒரு மாதம், யார் என்ன கணக்குக் கேட்டாலும் எழுதுங்கள் என்று. மாதம் முடிந்து போனபோது கொப்பியைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். கரட், லீக்ஸ் பற்றி இரண்டு மூன்று கேள்வி, ஒரு தரம் ஒடிட்டர். மற்றதெல்லாம் ஒரே ஆள், ஒரே கேள்வி: "நேத்து தம்புள்ளைச் சந்தையில என்ன விலை போச்சு?" கேட்டது அவரேதான். விடியற்காலையில் லொறி ஏற்றும் பையன் இப்போது அதைப் போனில் ஒரு கூகுள் ஷீட்டில் அடிக்கிறான்.